நடுத்தெருவில் நின்ற அமரர் ஊர்தி

கடைசி டிரைவர் என்று அவருக்குப் பெயர் வைத்தது யாரென்று யாருக்கும் தெரியாது. அவர் வண்டியில் ஒருமுறை ஏறியவருக்கு அதற்கப்புறம் வேறு டிரைவர் தேவைப்பட்டதில்லை, அவ்வளவுதான் விஷயம். வண்டியின் இரண்டு பக்கமும் 'அமரர் ஊர்தி' என்று கௌரவமாக எழுதியிருந்தது. ஊர் என்னவோ பிண வண்டி என்றுதான் சொன்னது. அதிலெல்லாம் அவருக்கு வருத்தமே கிடையாது. "என் வண்டியில வந்தவங்க இதுவரைக்கும் ஒருத்தராவது குறை சொல்லியிருப்பாங்களா?" என்று கடைத்தெருவில் எல்லோரையும் வம்புக்கு இழுப்பார். முடிவெட்டும் கடைக்காரர் மட்டும், அவர் தன் கடை வாசலில் தலைகாட்டினாலே, "நான் நல்லாத்தான் இருக்கேன், நீங்க கிளம்புங்க" என்று கத்தரிக்கோலை ஆட்டுவார்.

வண்டி ஒரு காலத்தில் யாரோ டாக்டரிடம் இருந்த நீளமான பழைய கார். இப்போது பெட்டி வைப்பதற்காகப் பின்சீட்டையும், உயரமானவர்களின் பெட்டிக்கு இடம் போதாமல் டிரைவருக்குப் பக்கத்து சீட்டையும் கழற்றி எறிந்து, முன்னிருந்து பின்வரை ஒரே பலகையாகப் போட்டுவிட்டார்கள். இதனால் கட்டிய மனைவியை அதில் வெளியே அழைத்துப்போக வழியில்லாமல் போயிற்று. வருவதானால் படுத்துக்கொண்டுதான் வர வேண்டும். "ஒரு நாளைக்கு எப்படியும் வரத்தானே போறேன், இப்ப என்ன அவசரம்?" என்பாள் அவள்.

வண்டி நிற்க ஆரம்பித்தது மளிகைக்கடைக்காரரின் ஊர்வலத்தில். நல்ல வெயில். முன்னால் பூ வளையம், பின்னால் சொந்தபந்தம், நடுவில் வண்டி நடையாக நடந்து போய்க்கொண்டிருந்தது. ஒரு தெருமுனையில், இருமலில்லை, குலுக்கலில்லை, எஞ்சின் அப்படியே அடங்கிவிட்டது. டிரைவர் சாவியைத் திருப்பிப் பார்த்தார். கரகரவென்று சுற்றியது, பிடிக்கவில்லை. அவர் மனதுக்குள் கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் கூட்டத்தில் ஒருவர், "இது அவர் தங்கச்சி வீட்டுத் தெருவாச்சே" என்றார். அந்தத் தங்கைக்கு யாருமே சாவு சொல்லியிருக்கவில்லை. ஏதோ பழைய சண்டை. மகன்களின் முகத்தில் ஈயாடவில்லை. ஓடிப்போய் அழைத்து வந்தார்கள். அவள் வந்து எல்லோரையும் பொதுவாக ஒரு பிடி பிடித்துவிட்டு, வண்டியின் மேல் சாய்ந்து அழுது ஓய்ந்தாள். சும்மா இருப்பானேன் என்று டிரைவர் சாவியைத் திருப்பினார். வண்டி கிளம்பிவிட்டது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

அடுத்தது ஒரு கணக்கு டீச்சர். அவருக்காக வண்டி நின்ற இடத்தில் தங்கையும் இல்லை, தம்பியும் இல்லை, ஒரு பஞ்சர் கடைதான் இருந்தது. ஊர் விடுமா? எல்லோரும் பஞ்சர் கடைக்காரரையே முறைத்துப் பார்த்தார்கள். அவர் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்துப் பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பரீட்சையில் தன்னை ஃபெயிலாக்கியதற்காக டீச்சரை நாசமாகப் போகச் சொல்லித் திட்டியதை ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டார். வண்டி கிளம்பியது. போன உயிரே திரும்பி வந்ததுபோல் கூட்டம் பெருமூச்சு விட்டது.

அதோடு கடைசி டிரைவருக்கு மவுசு கூடிவிட்டது. எதிர்த்தெருவில் ஒருவர் குளிரூட்டி வைத்த புது வேன் வாங்கி நிறுத்தியிருந்தார், அதை யாரும் சீண்டவில்லை. "அதுல வச்சா விர்ருனு கொண்டு போயிடுவாங்க, பாவம், போறவங்க மனசுல என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?" என்றார்கள். டிரைவரும் சளைத்தவரில்லை. வண்டி நின்றதும் கண்ணை மூடி, தலையை லேசாகச் சாய்த்து, பின்னாலிருந்து யாரோ காதில் சொல்வதைக் கேட்கிறவர் மாதிரி உட்கார்ந்துவிடுவார். எஞ்சினில் ஏதோ கோளாறு என்பது அவருக்குத் தெரியாமலில்லை. யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

வீட்டில்தான் வில்லங்கம் வந்தது. மாமனார் படுக்கையில் விழுந்தார்.

மாமனார் கடிகாரம் பழுது பார்த்தவர். நாக்கும் கடிகார முள் மாதிரிதான், நேரம் தவறாமல் குத்தும். அவருக்கு ஒரு மகள், ஒரு மகன். மகள் டிரைவரின் மனைவி. மகன் பக்கத்துத் தெருவில் கார்களுக்கு ஒயரிங் பார்க்கிற கடை வைத்திருந்தான். கடை திறந்த அன்று ஊரே கூடியிருந்தபோது மாமனார் எழுந்து வாழ்த்தினார்: "நல்லா இரு. ஆனா என் கடிகாரத்துல மட்டும் கை வச்சிடாதே. நீ கை வச்ச பொருள் எதுவும் ஒழுங்கா ஓடினதா சரித்திரமே இல்ல." எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மகன் சிரிக்கவில்லை. அன்றைக்கு அப்பாவிடம் நிறுத்திய பேச்சுதான்.

அதற்காக வராமல் இருந்தானா என்றால் அதுவும் இல்லை. அப்பா படுத்ததிலிருந்து தினமும் வந்தான். நடுவில் அக்கா இல்லாவிட்டால் மட்டும் அந்த அறையில் ஒரு காரியமும் நடக்காது.

"ஏம்மா, அந்தத் துரைகிட்ட ஃபேனைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லு" என்பார் அப்பா. துரை ஃபேன் சுவிட்சை ஒட்டித்தான் நிற்பான்.

"குறைச்சாச்சுன்னு அவர்கிட்ட சொல்லுக்கா."

"இப்ப ரொம்பக் குறைஞ்சு போச்சுன்னு சொல்லு."

"அதுக்கு மேல அதுல நம்பர் இல்லன்னு சொல்லுக்கா."

"நீங்க ரெண்டு பேரும் நாசமா போங்க" என்று அவள் சமையலறைக்குப் போய்விடுவாள். அப்புறம் ஃபேன் பாட்டுக்குச் சுற்றும், இருவரும் தங்கள் பாட்டுக்கு அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஒருநாள் அவள் கணவனைப் பிடித்துக்கொண்டாள். "எங்கப்பா போற அன்னிக்கு உங்க வண்டி நடுத்தெருவில நின்னா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? ஊரே என் தம்பி முகத்தைத்தான் பார்க்கும். பெத்த அப்பனோட பேசாதவன்னு செத்த வீட்டுல வச்சு அவனைக் கிழிப்பாங்க. அவன் தாங்க மாட்டான். அதுக்குள்ள அந்தச் சனியனைச் சரி பண்ணுங்க."

"வேணும்னா அந்தப் புது வேனை..." என்று டிரைவர் இழுத்தார்.

உள்ளேயிருந்து மாமனார் குரல் கொடுத்தார். "மருமகன் வண்டி வாசல்ல நிக்கும்போது நான் எதுக்கு அடுத்தவன் வண்டியில போகணும்? அசிங்கமா இருக்காது?"

சரி பண்ணுவதென்றால் மைத்துனன்தான். அவன் பானெட்டைத் திறந்தான், உதட்டைப் பிதுக்கினான், பிளக்குகளை எல்லாம் மாற்றினான். வண்டி அடுத்த ஊர்வலத்தில் நின்றது. பாயிண்ட்டைத் தேய்த்துச் சுத்தம் செய்தான், கண்டென்சரை மாற்றினான். அதற்கடுத்த ஊர்வலத்திலும் நின்றது. பெட்ரோலில் தண்ணீர் என்றான். டேங்க்கையே கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையில் விரட்டு விரட்டென்று விரட்டிக்கொண்டு வந்தான். ஒரு தும்மல்கூடப் போடாமல் ஓடியது.

"வண்டிக்கு ஒண்ணும் இல்ல மாமா. நீங்க ஏத்துற ஆளுங்களுக்குத்தான் ஏதோ கோளாறு."

மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அக்கா அங்கிருந்தே போட்டாள் ஒரு போடு. "ஏண்டா, பறக்கவிட்டுப் பார்த்தா எப்படிடா தெரியும்? பொண வண்டியைப் பொண வண்டி மாதிரி ஓட்டிப் பாருடா!"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவு நாளாக அது இரண்டு பேர் மண்டையிலும் உறைக்கவில்லை.

மைத்துனன் இரண்டு சின்ன விளக்குகளை எடுத்தான். காயில் என்று ஒரு டப்பா உண்டு. பேட்டரியிலிருந்து வரும் கரண்ட்டைப் பல மடங்கு பெருக்கிப் பிளக்கில் பொறியாகத் தெறிக்கவிடுவது அதன் வேலை. ஒரு விளக்கைக் காயிலுக்குள் கரண்ட் வரும் வழியில் கொடுத்தான், இன்னொன்றை அதிலிருந்து பொறி போகும் வழியில். "முதல் விளக்கு அணைஞ்சா சாவிப் பக்கம் கோளாறு. அது எரிஞ்சுக்கிட்டே ரெண்டாவது மட்டும் போச்சுன்னா காயில் பக்கம்" என்றான். ஒயரை நீளமாக இழுத்து வண்டிக்குள் கொண்டுவந்தாயிற்று. விளக்கை யார் பார்ப்பது? டிரைவர் தெருவைப் பார்க்க வேண்டும். பக்கத்து சீட்டு கிடையாது. மைத்துனன் பலகையில் முன்பக்கம் தலை வைத்துப் படுத்தான். உச்சிவெயில் கண்ணாடி வழியாக அடித்ததில் விளக்கு எரிகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. வண்டியில் எப்போதும் ஒரு வெள்ளைத்துணி கிடக்கும். அதை எடுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டான். துணிக்குள் இருட்டு, விளக்கு இரண்டும் பளிச்சென்று தெரிந்தன.

"இப்ப போங்க மாமா. நல்லா மெதுவா."

டிரைவருக்கு மெதுவாகப் போனாலே முகம் தானாகத் தொங்கிவிடும். பழக்கதோஷம். கடைத்தெருவுக்குள் நுழைந்ததும் ஆட்கள் எழுந்து நின்றார்கள். முடிவெட்டும் கடைக்காரர் ரேடியோவை அணைத்தார். வேலை வெட்டி இல்லாத பெரியவர் ஒருவர் வண்டிக்குப் பின்னால் நடக்க ஆரம்பித்தார். அவரைப் பார்த்து இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். பஞ்சர் கடைக்காரர் ஜன்னலோரம் ஓடிவந்து, "உள்ள யாரு?" என்றார்.

டிரைவருக்குப் பொய் சொல்ல நேரமில்லை. "என் மைத்துனன்."

"ஐயய்யோ! காலையிலகூடப் பார்த்தேனே!"

"நானும்தான் பார்த்தேன்."

பஞ்சர் கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டு கூடவே நடந்தார். "தங்கமான பையன். என் பேட்டரியை எரிச்சான், எங்க அண்ணன் வண்டி ஹார்னை எரிச்சான். ஆனா மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டான்." துணிக்கு அடியிலிருந்து பல்லைக் கடிக்கும் சத்தம் டிரைவருக்கு மட்டும் கேட்டது. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அவர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

தெரு முடிகிற இடத்தில் எஞ்சின் அடங்கியது. "பார்த்தீங்களா, நின்னுடுச்சு, அவனுக்கும் ஏதோ குறை இருந்திருக்கு" என்று பெரியவர் சொல்லி வாய் மூடவில்லை, பிணம் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தது. "கரண்ட் வருது! பொறிதான் இல்ல!" என்று கத்தியது.

பெரியவர் தன் குடையை விட்டுவிட்டு ஓடினார். அந்த வயதில் அப்படி ஓடுவார் என்று யாரும் நினைத்ததில்லை. பஞ்சர் கடைக்காரர் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். எதையும் கவனிக்கிற நிலையில் மைத்துனன் இல்லை. குதித்திறங்கி, பானெட்டைத் தூக்கி, காயிலில் கை வைத்து, "ஆ!" என்று உதறினான். கொதித்துக்கொண்டிருந்தது. போர்த்தியிருந்த துணியைத் தண்ணீரில் நனைத்து அதன்மேல் சுற்றினான். புஸ்ஸென்று ஆவி வந்தது. கொஞ்சம் ஆறியதும் சாவியைத் திருப்பச் சொன்னான். வண்டி கிளம்பிவிட்டது.

"காயில்தான் மாமா. சூடு ஏறினா செத்துடுது, ஆறினா எழுந்துக்குது. வேகமா போனா காத்துப் படும், சூடு ஏறாது. ஊர்வலத்துல காத்து ஏது?" என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். காயிலுக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் ஒயரையே பார்த்தான். ஒயரில் டேப் சுற்றியிருந்தது, முடிவில் ஒரு திருகு திருகி மடித்து விட்டிருந்தது. அப்படி டேப் சுற்றுகிறவன் அந்த ஊரில் ஒருவன்தான்.

டிரைவருக்கும் ஞாபகம் வந்தது. முன்பு ஒரு சமயம் காலையில் வண்டி கிளம்ப முரண்டு பிடித்தது. அப்போது காயிலுக்குப் போகும் வழியில் இருந்த ஒரு வெள்ளைக் கட்டியைக் காட்டி, "கரண்ட்டை மறிச்சுக்கிட்டு இது எதுக்கு மாமா?" என்று மைத்துனன் அதைப் பிடுங்கிப்போட்டு நேராக ஒயரைக் கொடுத்துவிட்டான். அது மறிக்கிற சனியன் இல்லை, காயிலுக்கு அளவாகக் கரண்ட் விடுகிற ரெசிஸ்டர். அன்றிலிருந்து காயில் அளவுக்கு மீறிக் கரண்ட்டைக் குடித்துக் குடித்து வெந்திருக்கிறது. அதற்கு அடுத்த ஊர்வலம்தான் மளிகைக்கடைக்காரருடையது.

"மாப்ள, அப்போ மளிகைக்கடைக்காரருக்கு?"

"அவருக்கு ஒரு குறையும் இல்ல மாமா."

"டீச்சருக்கு?"

"அவங்களுக்கும் இல்ல. எல்லாம் நான் வச்ச கைதான்."

டிரைவர் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார், இருமினார், மறுபடி சிரித்தார். "இதை உங்கப்பாகிட்ட போய்ச் சொல்லுடா. மனுஷன் படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்துடுவார்."

"அதுக்காகத்தான் சொல்ல மாட்டேன்" என்றான் மைத்துனன்.

புது காயில் போட்டு, புது ரெசிஸ்டரும் போட்டான். அன்று முழுக்க இருவரும் வண்டியை நத்தை மாதிரி ஊர்ந்து ஊர்ந்து ஓட்டிப் பார்த்தார்கள். வண்டி நிற்கவில்லை. திரும்பி வரும்போது மைத்துனன் தலையைச் சொறிந்துகொண்டே, "நாளைக்குச் சொல்றேன் மாமா" என்றான். "குளிச்சுட்டு, நல்ல சட்டையா போட்டுக்கிட்டு, நேரா அவர் முன்னாடி நின்னு, நீங்க சொன்னது சரிதான்பான்னு சொல்லிடறேன். சிரிச்சா சிரிக்கட்டும்."

மறுநாள் யாரோ நடுவழியில் லாரி நின்றுவிட்டது என்று அழைத்துப் போனார்கள். அதற்கடுத்த நாள் வேறு ஏதோ வேலை. மூன்றாவது நாள் மத்தியானம், ஃபேன் வேகமாக ஓடுகிறது என்று மகளிடம் குறைபட்டுக்கொண்டு மாமனார் கண்ணை மூடினார். அவள் தம்பியைக் கூப்பிட்டு ஃபேனைக் குறைக்கச் சொல்லிவிட்டுப் பார்த்தபோது, கேட்க ஆளில்லை.

ஊர்வலத்துக்குக் கூட்டம் அலைமோதியது. மாமனார் மேலிருந்த மரியாதை பாதி, வண்டி எந்த இடத்தில் நிற்கும் என்ற ஆசை மீதி. ஒவ்வொரு முனையிலும் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. மனைவி ஜன்னலைப் பிடித்தபடி பக்கத்தில் நடந்தாள். அவள் உதடு எதையோ வேண்டிக்கொண்டே இருந்தது. எஞ்சின் பட்டுப்போல ஓடியது. வாழ்நாளில் அவ்வளவு சீராக அந்த வண்டி ஓடி டிரைவர் கேட்டதில்லை. பெருமையாகக்கூட இருந்தது.

அப்போதுதான் கண்ணாடியில் பார்த்தார். மைத்துனன் பின்கதவில் கை வைத்தபடி நடந்து வந்தான். மளிகைக்கடைக்காரரின் தங்கை வீட்டு முனை வந்ததும் அவன் நடை தளர்ந்தது. பானெட் பக்கம் எட்டிப் பார்த்தான். பஞ்சர் கடை வந்ததும் அப்படியே நின்றுவிட்டான். வண்டி போய்க்கொண்டே இருந்தது. ஓடிவந்து மறுபடி கதவைப் பிடித்துக்கொண்டான். டிரைவருக்குப் புரிந்துவிட்டது. பையன் வண்டி நிற்கும் நிற்கும் என்று காத்துக்கொண்டு வருகிறான்.

நிற்காமலே மயான வாசல் வந்துவிட்டது. "பெரியவருக்கு யார்மேலயும் ஒரு குறையும் இல்ல போல" என்று கூட்டம் ஏமாற்றத்தோடு பேசிக்கொண்டது. மனைவி பெருமூச்சு விட்டுக் கண்ணைத் துடைத்தாள். கேட்டுக்கு உள்ளே இன்னும் கொஞ்ச தூரம் போனால் இறக்கும் இடம். மைத்துனன் டிரைவர் ஜன்னலுக்கு வந்தான்.

"ஒரு இடத்துலயாவது நிக்கும்னு நெனச்சேன் மாமா."

"நிக்கவே நிக்காதுன்னு நீதானேடா அடிச்சுச் சொன்னே?"

"ஆமா. ஒழுங்கா ஓடுது" என்றான். சொல்லிவிட்டுப் பின்னால் இருந்த பெட்டியைப் பார்த்தான்.

கடைசி டிரைவர் அவன் முகத்தைப் பார்த்தார். இந்த ஒரு வண்டியைத்தான் அவன் உருப்படியாகச் சரி செய்திருக்கிறான், அதைப் பார்க்க வேண்டியவர் பெட்டிக்குள் படுத்திருக்கிறார். டிரைவருக்குத் தாங்கவில்லை. கை தானாகப் போய்ச் சாவியைத் திருப்பியது. எஞ்சின் அடங்கியது.

"ஆஹா" என்றது கூட்டம்.

"மாப்ள, பின்னாடி ஏறிப் பாரு. ஏதோ ஒயர் விட்டுப்போச்சு."

மைத்துனன் விழித்தான். "பின்னாடி ஏது மாமா ஒயர்? காயில் முன்னாடில்ல இருக்கு?"

"ஏறுடாங்கறேன்ல! கதவைச் சாத்திக்கோ. நிதானமாப் பாரு."

அவன் ஏறினான். கதவு சாத்திக்கொண்டது. டிரைவர் இறங்கிப் பானெட்டைத் தூக்கி நிறுத்தி, ஒரு கோளாறும் இல்லாத எஞ்சினுக்குள் தலையைக் கொடுத்தார். கூட்டத்தில், "நான் அப்பவே சொல்லல? மகன்கிட்டதான் குறை" என்று ஒரு குரல் எழுந்தது. மனைவி பாய்ந்து வந்தாள்.

"சரி பண்ணியாச்சுன்னு சத்தியம் பண்ணீங்களே! இப்ப கேட்டீங்களா, என்ன பேசறாங்கன்னு?"

அவர் பானெட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவிலிருந்த இடுக்கைக் கண்ணால் காட்டினார். அவள் குனிந்து பார்த்தாள். உள்ளே தம்பி பலகையோரம் ஒடுங்கி உட்கார்ந்து, அப்பாவின் காதருகே குனிந்து பேசிக்கொண்டிருந்தான். கையால் ஏதோ கட்டியைப் பிடுங்கிக் காட்டினான், ஒயரைச் சுற்றிக் காட்டினான், நடுவில் முகத்தைப் புறங்கையால் துடைத்தான், மறுபடி பேசினான். அவர்கிட்ட சொல்லுக்கா என்று சொல்லாமல் நேராகவே பேசினான்.

அவள் நிமிர்ந்தாள். பிறகு சேலைத் தலைப்பை உதறிச் செருகிக்கொண்டு கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "காயில் சூடாயிடுச்சு. ஆற நேரமாகும். எல்லாரும் போய் நிழல்ல நில்லுங்க" என்றாள்.

டிரைவர் காயிலில் கை வைத்துப் பார்த்தார். அப்படியே பிடித்துக்கொண்டிருக்கலாம் போல இதமாக இருந்தது.

"கொதிக்குது!" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினார்.